காய்ச்சல் எந்த வாரம்?

2012 கோடை முடிகிற நேரம். கடையநல்லூரிலும் சுற்று வட்டாரத்திலும் டெங்கு ஆடித் தீர்த்துக்கொண்டிருந்தது. தென்காசி அப்போது தனி மாவட்டமாகவில்லை; அந்தப் பக்கத்து நோயாளிகள் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குத்தான் வர வேண்டும். என் எக்கோ அறைக்கு ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கு இருபத்திரண்டாவது வாரம். வயிற்றில் ஜெல்லைத் தடவி ப்ரோபை வைத்தேன். நாலு அறைப் படம் நன்றாகக் கிடைத்தது. வண்ண டாப்ளரைப் போட்டதும் கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சிவப்புக் கீற்று எட்டிப் பார்த்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அதை மாமியார் பார்த்துவிட்டார்.

"என்ன டாக்டரம்மா, அங்கனயே நிக்கி?"

"இதயத்துல சின்னதா ஒரு ஓட்டை தெரியுதும்மா. முழுசாப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"நான் அப்பவே நெனச்சேன். தங்கச்சி கல்யாணம்னு கடையநல்லூருக்குப் போவாதட்டின்னு தலபாடா அடிச்சேன். கேட்டாளா? போயி காச்சல வாங்கிட்டு வந்தா. அது பிள்ளைக்கு இறங்கிட்டு."

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டேன். மூன்று வாரம் ஆகிறது என்றார்கள். அப்படியானால் பத்தொன்பதாவது வாரம்.

கருவின் இதயம் அவசரக்காரப் பிறவி. கரு தங்கிய இருபத்திரண்டாம் நாள் வாக்கில் துடிக்கத் தொடங்கிவிடும். அப்போது அது வெறும் குழாய். அந்தக் குழாய் வளைந்து, மடிந்து, தனக்குள்ளேயே சுவர் எழுப்பிக்கொண்டு நாலு அறையாகப் பிரிந்துவிடும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் பத்தாவது வாரத்துக்குள் கட்டட வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குப் பிறகு வளர்ச்சிதான். பத்தொன்பதாவது வாரத்தில் வந்த காய்ச்சல், இரண்டு மாதத்துக்கு முன்பே கட்டி முடித்த சுவரில் போய் ஓட்டை போட முடியாது. அந்த ஓட்டைக்கு வயது அதிகம்.

இதை மாமியாரிடம் சொன்னேன். பாதி நம்பினார். மருமகள் மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, "அப்ப நான் கல்யாணத்துக்குப் போனதால இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழுததை வைத்துப் பார்த்தால், அந்த ஓட்டையைவிட இந்தக் கேள்விதான் மூன்று வாரமாக அவளைத் தின்றிருக்கிறது என்று தோன்றியது. ஓட்டை சின்னது, பிறந்த பிறகு தானாக மூடிக்கொண்டது. அந்த மாமியார் பிறகு என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

கொசுவையும் கருவின் இதயத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசுகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். தாய்மார்கள், பாட்டிமார்கள், நிருபர்கள், சில வேளை என்னைப் போன்ற மருத்துவர்களும் உண்டு. எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: காய்ச்சல் எந்த வாரம்? இந்தக் கேள்வியை நான் பாடப் புத்தகத்தில் கற்கவில்லை. இரண்டு கொள்ளைநோய்களும் ஒரு புள்ளியியல் பேராசிரியரும் அடித்துச் சொல்லிக்கொடுத்தது.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதத்துக் கருவின் இதயம் பெரிய திராட்சைப் பழம் அளவுதான் இருக்கும். நிமிடத்துக்கு நூற்று நாற்பது, நூற்று ஐம்பது முறை துடிக்கும். சொந்தக்காரர் வேறு புரண்டுகொண்டே இருப்பார். முதுகைக் காட்டிப் படுத்துவிட்டால் தாயை எழுப்பி, காரிடாரில் நடக்கவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்வோம். லண்டனில் லிண்ட்சி ஆலன் போன்றவர்கள் 1980 வாக்கில் இந்த வேலைக்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். நான் கற்றுக்கொண்டபோது எங்கள் பக்கத்தில் பலருக்கு, "வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு எக்கோவா?" என்பதே வேடிக்கையாக இருந்தது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, பத்துக் குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் குறை இருக்கும். கொசு இருக்கிற ஊரிலும் அப்படித்தான், கொசுவே இல்லாத ஊரிலும் அப்படித்தான். இந்தக் கணக்கு முதலிலேயே மனத்தில் பதிந்திருந்தால் நான் சில முட்டாள்தனங்களைச் செய்திருக்க மாட்டேன்.

முதல் பாடம் 2006-இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் தலைகாட்டாமல் இருந்த சிக்குன்குனியா அந்த வருடம் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் புரட்டி எடுத்தது. தெருவில் நடக்கிறவர்களைப் பார்த்தாலே தெரியும். முழங்காலை மடக்க முடியாமல் மரக்காலில் நடப்பதுபோல் நடப்பார்கள். பல் துலக்க விரல் மடங்காது. கர்ப்பிணிகளுக்கும் அதே வலிதான்.

அந்த மழைக்காலத்தில் முப்பத்துமூன்று வாரக் கர்ப்பிணி ஒருத்தியை அனுப்பியிருந்தார்கள். அனுப்பிய சீட்டில், சிக்குன்குனியா, கருவின் இதயத்தில் வலது பக்கம் வீக்கம், வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருக்குமோ என்று எழுதியிருந்தது. நான் ஆர்வமாகிவிட்டேன், அதை ஒளிக்க மாட்டேன். புதிதாகப் படித்துவிட்டு வந்த கை. உலகத்தில் யாரும் எழுதாத ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு. எக்கோவில் வலது கீழறை உண்மையிலேயே உப்பியிருந்தது. மூவிதழ் வால்வில் ரத்தம் பின்னால் ஒழுகியது. தசைச் சுருக்கம் மந்தம். வைரஸ்தான் என்று மனத்துக்குள் தலைப்பே எழுதிவிட்டேன்.

கற்றுக்கொடுத்தவர்கள் சொன்ன வரிசைப்படி எல்லா இடத்தையும் பார்த்து முடிக்காமல் ப்ரோபை எடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. கடைசியாக டக்டஸ் ரத்தக் குழாய்க்கு வந்தேன். கருவுக்குச் சுவாசம் இல்லை. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி இந்தக் குறுக்குப் பாதை வழியாக மகாதமனிக்குப் போய்விடும். பிறந்த பிறகு அது தானாக மூடிக்கொள்ளும். அதுவரை திறந்துவைத்திருப்பது புரோஸ்டகிளாண்டின் என்ற ரசாயனம். அந்த மாதங்களில் டக்டஸில் ரத்தம் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஓடும், 1.4 மீட்டரைத் தாண்டினால் குழாய் சுருங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே டாப்ளர் 2.3 காட்டியது. வழி அடைபடுகிறது; முட்டி மோதும் வலது அறை வீங்கிக்கிடக்கிறது. வைரஸின் வேலை இப்படி இருக்காது.

"வலிக்கு என்னம்மா போட்ட?"

"மெடிக்கல்ல ஒரு மாத்திர தந்தாவ. அது கேக்கல. பொறவு கம்பவுண்டர் அண்ணன் ஊசி போட்டாவ, தெனம் ஒண்ணு."

"எத்தன நாளு?"

"ஒம்பது நாளு."

டைக்ளோஃபினாக். மூட்டு வலிக்கு அருமையான மருந்து. அது செய்வதே புரோஸ்டகிளாண்டினை அடக்குவதுதான். தாயின் முழங்காலில் அடக்கும்போது கருவின் டக்டஸிலும் அடக்கிவிடுகிறது. ஊசியை நிறுத்தி பாரசிட்டமால் மட்டும் கொடுத்தோம். மூன்றாம் நாள் மறுபடி பார்த்தேன். வேகம் இறங்கியிருந்தது, ஒழுக்கு அநேகமாக நின்றிருந்தது, வலது அறை மூச்சு விட்டதுபோல் சுருங்கியிருந்தது. அவள் முகத்தில்தான் சிரிப்பு இல்லை. மூட்டு வலி திரும்பிவிட்டது.

அந்தக் கொள்ளைநோயில் நான் பார்த்த டக்டஸ் சுருக்கங்களுக்கெல்லாம் கொசு மறைமுகக் குற்றவாளி மட்டுமே. கொசு வலியைத் தந்தது, வலி ஊசியைத் தந்தது, ஊசி கருவின் இதயத்துக்குப் போயிற்று. இருபது வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலி மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது 2020-இல்தான். எங்கள் ஊர்களில் கர்ப்பிணி என்று பாராமல் ஊசி போடும் வழக்கம் இன்னும் முழுக்க ஒழியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், ஆகவே இத்தோடு விடுகிறேன்.

சிக்குன்குனியா கருவை நேரடியாகத் தொடவே தொடாது என்றும் சொல்லிவிட முடியாது. அதே 2005-06 அலையில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் பிரெஞ்சு மருத்துவர்கள் கவனமாக ஒரு கணக்கு எடுத்தார்கள். பிரசவ நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருந்த 39 தாய்மார்களில் 19 பேரின் குழந்தைக்கு நோய் போயிருந்தது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தைகள் சில நாள் கழித்துக் காய்ச்சலில் துவண்டன. சிலவற்றுக்கு எக்கோவில் இதயச் சுவர் தடித்தும், இதய உறையில் நீர் கோத்தும், இதயத் தமனிகள் விரிந்தும் இருந்தன. அங்கேயும் பாருங்கள், எல்லாம் தேதியில் நிற்கிறது. பிரசவத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலுக்கு ஒரு கதை, பிரசவ வலியோடு வந்த காய்ச்சலுக்கு வேறு கதை.

டெங்குவில் எங்களுக்கு வேறு தலைவலி. 2012-இல் இருபத்தெட்டு வாரக் கர்ப்பிணி ஒருத்தியைக் காய்ச்சல் வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கருவின் இதயத் துடிப்பு 186. "துடிப்புக் கோளாறு, டிகாக்சின் தொடங்கலாமா?" என்று சீட்டில் கேட்டிருந்தது. தொடங்குவதென்றால் மருந்தைத் தாய்க்குத்தான் கொடுக்க வேண்டும், அவளுக்கோ பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருக்கிறது. திரையில் மேலறைத் துடிப்பையும் கீழறைத் துடிப்பையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தோம். உண்மையான கோளாறு என்றால் துடிப்பு 220, 240 என்று போய்க் கடிகாரம்போல அசையாமல் நிற்கும். ஸ்விட்ச் போட்டதுபோல் வரும், ஸ்விட்ச் அணைத்ததுபோல் போகும். இது 186, 179, 183 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் நர்ஸ் தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டர், அம்மா கொதிக்கா. பிள்ளையும் கொதிக்கும்லா?" என்றாள். அதுதான் நோய் நிர்ணயம். தெர்மாமீட்டர் 103 காட்டியது. பாரசிட்டமால், ஈரத் துணி, குளுக்கோஸ். இரண்டு மணி நேரத்தில் கரு 158-க்கு வந்துவிட்டது. அந்த நர்ஸைப் பற்றி நான் எந்தக் கட்டுரையிலும் நன்றி எழுதியதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த வருடம்தான் எனக்கு ஆராய்ச்சி ஆசை பிடித்தது. ஒரு நீள நோட்டு வாங்கி, டெங்கு வந்து எங்களிடம் எக்கோவுக்கு வந்த கர்ப்பிணிகளை எல்லாம் எழுதினேன். பெயருக்குப் பதில் எண், வயது, காய்ச்சல் வந்த வாரம், பிளேட்லெட், எக்கோ முடிவு. வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் இதயக் குறைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு எட்டு, பத்து என்பதைவிட ரொம்ப அதிகமாக இருந்தது. தூக்கமே வரவில்லை. கட்டுரையின் முதல் வரைவை எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற புள்ளியியல் பேராசிரியர் ஒருவரைப் பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து மொத்தத்தையும் படித்தார். மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"இது காய்ச்சல் வந்தவங்க நோட்டு. காய்ச்சல் வராதவங்க நோட்டு எங்க?"

இல்லை என்றேன்.

"சரி, இவங்களை ஏன் உங்ககிட்ட அனுப்புனாங்க?"

பலரை ஸ்கேனில் ஏதோ சந்தேகம் என்று அனுப்பியிருந்தார்கள். அதாவது குறை இருக்கிறது என்று சல்லடை போட்டுச் சலித்து அனுப்பியவர்களை வைத்துக்கொண்டு, குறை அதிகம் என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அவர் விடவில்லை. "பிள்ளைக்குக் குறைன்னு சொன்ன பிறகு தாய்கிட்ட காய்ச்சலைப் பத்திக் கேட்டீங்களா, அதுக்கு முன்னயா?" பெரும்பாலும் பிறகுதான். "அப்படீன்னா அவ ஒரு தும்மலைக்கூட மறந்திருக்க மாட்டா. நல்ல பிள்ளை பெத்தவ எல்லாத்தையும் மறந்திருப்பா." வரைவை மடித்து என் கையில் கொடுத்தார். மோர் நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் அன்றைக்கு லாபம்.

பிற்பாடு, 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் செய்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும். கண்புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று அதிகம் வந்தன. காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்ததைப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். சக மருத்துவர்களிடம் கேட்டுச் சேர்த்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்க்கு ரூபெல்லா வந்த வரலாறு இருந்தது. அவற்றில் பலவற்றுக்கு இதயக் குறையும் இருந்தது. அவரிடமும் ஒப்பிட ஒரு நோட்டு இருக்கவில்லைதான். ஆனால் அவர் பார்த்தது சாதாரணமாகக் கண்ணில் படாத ஒன்று. அது கும்பலாக வந்தது. காய்ச்சலின் வாரமும் கரு உருவாகும் வாரமும் பொருந்தின. இதயத்தில் சின்ன ஓட்டை என்பது அப்படி இல்லை. தேடினால் கிடைக்கும்.

தேடினால் கிடைக்கும் என்பதன் பொருள் பிரேசிலைப் பார்த்தபோதுதான் முழுதாக விளங்கியது. ஜிகா வைரஸை 1947-இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கின் ரத்தத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அறுபது வருடம் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 2015-இல் பிரேசிலின் வடகிழக்கில் சிறுத்த தலையோடு குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. அங்கே பாராயிபா மாநிலத்தில் கம்பினா கிராண்டி என்ற ஊரில் அட்ரியானா மெலோ என்ற கருநல மருத்துவர், என்னைப்போல ஸ்கேன் அறையில் உட்கார்ந்திருப்பவர், இரண்டு கர்ப்பிணிகளின் பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டிலும் ஜிகா இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் அறையில் ப்ரோபைத் துடைத்துக்கொண்டே அதைப் பற்றித்தான் பேசினோம். பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத ஊரில் ஒரு ஊசியும் ஒரு சந்தேகமும் இருந்தால் போதும் போலிருக்கிறது என்றாள் என் உதவியாளர். செய்தித் தலைப்புபோல இருந்தாலும் நல்ல வாக்கியம். 2016 பிப்ரவரி முதல் தேதி உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு அவசரநிலையை அறிவித்தது.

மூளைக்குப் பிறகு இதயத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? பார்த்தார்கள். 2017-இல் ரெசிஃபி நகரத்து மருத்துவர்கள், ஜிகா பாதிப்பு என்று கருதப்பட்ட 103 குழந்தைகளுக்கு எக்கோ எடுத்து, 14 பேருக்கு இதயக் குறை இருப்பதாக எழுதினார்கள். அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றரை. மறு வருடம் ரியோ டி ஜெனீரோவிலிருந்து வந்த ஆய்வில் 120 குழந்தைகளில் 48 பேருக்கு ஏதாவது ஒன்று இருந்தது. அதில் பொருட்படுத்தத் தக்கவை 13. எண்களை மட்டும் பார்த்தால் பகீரென்கும். ஆனால் உள்ளே போய்ப் படித்தால், ரெசிஃபியில் ஒரு குழந்தைக்கு இருந்த பெரிய ஓட்டையைத் தவிர, இரண்டிலும் கடுமையான குறை எதுவும் இல்லை. பெரும்பாலும் மேலறைச் சுவரில், கீழறைச் சுவரில் சின்ன ஓட்டை, மூடாத டக்டஸ். பச்சைக் குழந்தைகள் யாருக்கு எக்கோ எடுத்தாலும் கணிசமான பேருக்கு இப்படி ஏதாவது தெரியும், பலவும் தானாக மூடிவிடும். ஆயிரத்துக்கு எட்டு, பத்து என்பது எல்லாக் குழந்தைக்கும் எக்கோ எடுத்துச் சொன்ன கணக்கு அல்ல. பிரேசில் மருத்துவர்கள் பொறுப்போடுதான் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரைகளின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தவர்கள்தான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஜிகாவுக்குப் பிடித்த இடம் வளரும் மூளையின் மூல அணுக்கள். இதயத்தின் மேல் அதற்கு அப்படியொரு வெறி இருப்பதாக என் வாசிப்பில் படவில்லை.

இப்படிச் சொல்லிச் சொல்லிக் கொசுவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. ஐந்தாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை. சுவர் எழும்புகிற வாரங்கள். பாதிப் பேருக்குத் தாங்கள் மாசமாக இருப்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது. அந்த வாரங்களில் அடிக்கும் கடுமையான காய்ச்சல், எந்தக் கிருமியால் வந்தாலும், காய்ச்சல் என்ற காரணத்தாலேயே சில இதயக் குறைகளோடு சேர்ந்து தென்படுகிறது என்று அட்லாண்டா வட்டாரத்தில் நடந்த ஆய்வுகள் சொல்லின. சத்து மாத்திரை எடுத்துக்கொண்ட தாய்மார்களிடம் அந்தச் சேர்க்கை குறைவாக இருந்தது. 2017-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தார் கோழிக் கருவில் செய்த சோதனை இன்னும் ஒரு படி போனது. இதயத்தின் வாசல் குழாய்களையும் முகத்தையும் கட்டுவதற்குப் பங்கு தரும் நரம்பு முகட்டு அணுக்களில், சூட்டை உணரும் கதவுகள் இருக்கின்றன. உரிய நேரத்தில் அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டாலே இதயமும் முகமும் கோணலாக உருவாகின. கிருமியே தேவைப்படவில்லை, சூடு போதும். கோழிக்குஞ்சு மனிதக் குழந்தை அல்ல. இருந்தாலும் அதைப் படித்த பிறகு, "காய்ச்சல்தானே, தன்னால போயிரும்" என்று கர்ப்பிணியிடம் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். முதல் மூன்று மாதத்தில் காய்ச்சல் என்றால் முதல் வேலை சூட்டைக் குறைப்பது, காரணத்தை அப்புறம் தேடலாம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொசு ஒரு விஷயத்தில் எங்களுக்கு உதவியிருக்கிறது. சில தாய்மார்களின் ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருக்கும். பலருக்கு நோய் அறிகுறியே இருக்காது. அது நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் கருவின் இதயத்தில் மின்கம்பியை அறுத்துவிடும். துடிப்பு 55, 60 என்று இறங்கிவிடும். அறுந்தது ஒட்டாது. பிறந்த குழந்தைக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். ஒரு பிள்ளைக்கு இப்படி ஆனால் அடுத்ததற்கும் ஆக நூற்றுக்குப் பதினெட்டு வாய்ப்பு என்று கணக்கு. மலேரியாவுக்கு எதிராக உருவாக்கிய மருந்துகளின் வம்சத்தில் வந்த ஹைட்ராக்சிக்குளோரோகுயினை, பத்தாவது வாரத்துக்கு முன்பே தொடங்கித் தினமும் 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. அதில் 54 பேரில் 4 பேருக்குத்தான் மறுபடி வந்தது. இரண்டாம் உலகப் போரில் மலேரியாவுக்குப் பயந்து மாத்திரை விழுங்கிய படைவீரர்களுக்குத் தோல் நோயும் மூட்டு வலியும் குறைந்ததை யாரோ கவனித்ததில் தொடங்கிய வழி இது.

முதல் பிள்ளைக்குப் பேஸ்மேக்கர் வைத்த ஒரு பெண்ணுக்கு இரண்டாம் கர்ப்பத்தில் இதை எழுதிக்கொடுத்தோம். மறுவாரம் அவள் அம்மா மாத்திரை அட்டையோடு வந்து நின்றார். "மெடிக்கல்ல இது மலேரியா மாத்திரங்காவ. எம்மவளுக்குக் காச்சலே இல்லியே தாயி?" விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. பதினாறாவது வாரத்திலிருந்து இருபத்தாறாவது வாரம் வரை வாராவாரம் வரச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் துடிப்பை எண்ணும்போது அந்த அம்மா கூடவே வாய்க்குள் எண்ணுவார். 142. 138. 145. குழந்தைக்கு இன்று பள்ளிக்கூட வயது.

2021 ஜூலையில் பாறசாலைப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஜிகா என்று கேரளம் அறிவித்தது. பாறசாலையைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளை. நான் அப்போது சனிக்கிழமை தோறும் நாகர்கோவிலுக்குப் போய் எக்கோ பார்ப்பேன். அடுத்த சனிக்கிழமை படியெல்லாம் கூட்டம். எல்லாருக்கும் கருவின் தலை அளவு எடுத்தோம், இதயம் பார்த்தோம், வாரம் கேட்டோம். பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலே வந்திருக்கவில்லை, பயம்தான் வந்திருந்தது.

அந்தப் பருவத்தில் ஒருத்தியை மட்டும் சொல்கிறேன். களியக்காவிளைக்கு உள்ளே ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஊர். கணவன் பால்வெட்டுக்காரர். ரப்பர் பால் வடிகிற சிரட்டையில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், அதில் பகலில் கடிக்கிற கொசு குஞ்சு பொரிக்கும். அவளுக்கு நான்கு நாள் கடும் காய்ச்சல், 104 வரை. ஜிகா இல்லை, டெங்கு இல்லை, கொரோனாவும் இல்லை என்று சோதனை வந்தது. என்ன என்று கடைசிவரை பெயர் கிடைக்கவில்லை. இருபதாவது வாரத்தில் அவள் கருவின் இதயத்தைப் பார்த்தேன், டெட்ராலஜி. கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வாசல் குறுகல், மகாதமனி சுவரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் என்னைக் கேட்கும் முன்பே நான் கேட்டேன், காய்ச்சல் எந்த வாரம் என்று. ஆறாவது வாரம்.

எத்தனையோ பேரைக் குற்றத்திலிருந்து விடுவித்த கேள்வி அன்றைக்கு எனக்கே திரும்பி வந்தது. டெட்ராலஜி வாசல் குழாய்களின் கோளாறு. கோழிக் கருவில் சூடு கெடுத்ததும் வாசல் குழாய்களைத்தான். ஆனால் ஆயிரக்கணக்கான பேருக்கு ஆறாவது வாரத்தில் காய்ச்சல் வருகிறது, நல்ல பிள்ளை பிறக்கிறது. காய்ச்சலே வராமல் டெட்ராலஜியோடு பிறக்கும் பிள்ளைகளும் ஏராளம். "அதனால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உன் பிள்ளைக்கு எதனாலன்னு சொல்ல என்கிட்ட வழி இல்லம்மா" என்றேன். அவள் அழவில்லை. ஆபரேஷன் பற்றிக் கேட்டாள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்ய முடியுமா என்று கேட்டாள். செய்ய முடிந்தது. பையனுக்கு ஒரு வயது ஆவதற்குள் சரிசெய்துவிட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து மறுபடி வந்தாள், இரண்டாவது கர்ப்பம், பத்தொன்பதாவது வாரம். கட்டிலில் ஏறுவதற்கு முன்னால் பைக்குள்ளிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தாள். நாள் தள்ளிப்போன அன்றிலிருந்து தினமும் காலையும் ராத்திரியும் தெர்மாமீட்டர் வைத்து எழுதியிருந்தாள். தேதி, காலை 97.8, ராத்திரி 98.2. தேதி, காலை 98, ராத்திரி 98.4. பக்கம் பக்கமாக அதே எண்கள். நடுவில் ஒரு நாள், "சிரட்டை எல்லாம் கவுத்தி வச்சாச்சு" என்று மட்டும் எழுதியிருந்தது, கணவன் கையெழுத்தாக இருக்கும்.

எக்கோ எடுத்தேன். வரிசைப்படி எல்லாம் பார்த்தேன், கடைசியில் டக்டஸையும். நன்றாக இருந்தது. ஜெல்லைத் துடைத்துக்கொண்டு அவள் நோட்டை எடுக்கக் கை நீட்டியபோது, இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். "எதுக்கு டாக்டரே? இதுல ஒண்ணும் இல்லல்லா" என்றாள்.